வேலைக் கண்

ஆஸ்பத்திரியில் தன் இடது கண்ணுக்குள் நீல லென்ஸை வைத்துவிட்டார்கள் என்பதில் கலர்க்காரருக்குத் துளி சந்தேகமும் இல்லை. தெரியாமல் வைத்தார்களா, போணியாகாமல் கிடந்ததை அவர் தலையில் கட்டிவிட்டார்களா என்பதுதான் பிடிபடவில்லை. கண் அறுவை முடிந்த பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை காலை, கறுப்புக் கண்ணாடியும் தோளில் துணிப்பையுமாக அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் கிளம்பினார்.

பெயிண்ட் கடையில் முப்பத்தெட்டு வருஷமாக நிறம் கலக்குகிறவர் அவர். வருகிறவர்கள் பெயர்ந்த காரைத் துண்டையோ, திரைச்சீலையின் ஓரத்தையோ, ஒருமுறை செத்துப்போன கிளியின் இறகையோ கொண்டுவந்து நீட்டி, இதே மாதிரி வேண்டும் என்பார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு கடை வாசலுக்கு வருவார். வெயில் நேராகப் படாத இடத்தில் நின்று, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் பார்ப்பார். எவ்வளவு நேரம் பார்ப்பார் என்று சொல்ல முடியாது. அப்போது யார் என்ன பேசினாலும் அவர் காதில் ஏறாது. பிறகு உள்ளே போய், வெள்ளைப் பெயிண்டில் சாயக்குப்பிகளைச் சொட்டுச் சொட்டாகக் கவிழ்ப்பார். அட்டையில் ஒரு தீற்று. அது உலர்ந்ததும் மறுபடி வாசல், மறுபடி ஒற்றைக் கண். கடைசியில் காரைத் துண்டை அட்டைமேல் வைத்தால், காரை எது அட்டை எது என்று தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வலது கண்ணை அவர் ‘வேலைக் கண்’ என்றுதான் சொல்வார். இடது கண் சும்மா கூட வந்தது, வேலைவெட்டி இல்லாமல் வீட்டோடு இருக்கிற தம்பி மாதிரி. இரண்டிலும் புரை விழுந்திருக்கிறது, வலதில்தான் அதிகம் முற்றியிருக்கிறது, அதை முதலில் செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது அவர் ஒரே பிடியாக நின்றார்.

“முதல்ல தம்பி போய்ப் பார்த்துட்டு வரட்டும் டாக்டர். அப்புறம் அண்ணனை அனுப்பறதைப் பத்திப் பேசலாம்.”

தம்பி போனான், வந்தான். கட்டு அவிழ்த்த அன்று எதிர்வரிசைக் கடைப் பலகையின் அடியில் இருந்த தொலைபேசி எண்ணைக்கூட அவர் உரக்கப் படித்தார். ஒரு நாள் முழுக்க ஆனந்தம். மறுநாள் காலையில்தான் கவனித்தார். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வெள்ளைச் சுவர் நீலமாக இருந்தது. இடது கண்ணை மூடினார், வெள்ளை. வலதை மூடினார், நீலம். இடது, வலது, இடது, வலது என்று அவர் ஜன்னலில் நின்று மாற்றி மாற்றி மூடித் திறந்துகொண்டிருந்ததில், எதிர்வீட்டு அம்மாள் தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறார் என்று எண்ணி ஜன்னலைப் படாரென்று சாத்தினாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எட்டாம் நாள் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் கடைக்குப் போய், அவசரமாகக் கேட்ட ஒருவருக்குப் பால்வெள்ளை கலந்து கொடுத்தார். அந்த வீட்டு ஹாலுக்கு முதல் பாதி டப்பாக்களை அறுவைக்கு முன்பே அவர்தான் கலந்திருந்தார். இது மீதிப் பாதி. இடது கண்ணை இறுக்கி மூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் இரண்டு கண்ணையும் திறந்து வைத்தபடியே கலந்தார். தம்பி ஒன்று சொன்னான், அண்ணன் ஒன்று சொன்னான், அவர் நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தினார். அதற்கு மூன்றாம் நாள் அந்த வீட்டுக்காரர் கடைக்கே வந்து நின்றார். ஹாலின் நடுவே கோடு போட்ட மாதிரி சுவர் இரண்டாகத் தெரிகிறதாம். வருகிற விருந்தாளியெல்லாம், “பாகம் பிரிச்சிட்டீங்களா?” என்று கேட்கிறார்களாம்.

முதலாளி அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

“அண்ணே, வியாழக்கிழமை ரெண்டாவது கண்ணையும் முடிச்சுட்டு வாங்க. கலக்குற ஸ்டூலு உங்களுக்காக இருக்கும். ஆனா கண்ணு சரியில்லாம அதுல உட்காராதீங்க. இன்னொரு ஹால் இப்படி ஆச்சுன்னா நம்ம கடையைப் பத்தி ஊரே பேசும்.”

அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. வேலைக் கண்ணையும் கொடுத்து, அதிலும் இதே நீல லென்ஸை வைத்துவிட்டால், இரண்டு கண்ணும் ஒன்றுபோலத் தப்பாகிவிடும். தப்பு என்று சொல்லக்கூட அப்புறம் ஆள் இருக்காது. கொடுக்காவிட்டால் ஸ்டூல் இல்லை. திங்கட்கிழமை விடிந்தபோது வியாழனுக்கு மூன்றே நாள் இருந்தது.

டாக்டர் அவர் கண்ணுக்குள் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாக நாற்காலியில் சாய்ந்தார்.

“பிரமாதமா ஆறியிருக்கு ஐயா.”

“ஆறினதுல குறை இல்ல டாக்டர். தெளிவும் பரவாயில்ல. ஷேடு மட்டும்தான் தப்பு.”

“ஷேடா?”

“நீலம் கலந்திருக்கு. ரொம்ப இல்ல. வேற நல்லதா பார்த்து மாத்திக் குடுத்துடுங்க. ரசீது கையோட கொண்டாந்திருக்கேன்.”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டதை அவர் புதுக் கண் தெள்ளத் தெளிவாகப் பார்த்தது. அந்த மட்டும் அதற்குத் திறமை இருந்தது.

“ஐயா, அது சட்டை இல்ல, சைஸ் சரியில்லைன்னு மாத்திக் குடுக்க. உள்ள வெச்சிருக்கிறது கண்ணாடி மாதிரி சுத்தமான லென்ஸு. உங்களுக்குப் பிறவியில இருந்த லென்ஸுதான் வயசாகி மஞ்சளாயிடுச்சு. அந்த மஞ்சள் வழியாவே பார்த்துப் பழகிட்டீங்க. இப்ப தெரியுறதுதான் நிஜமான கலர்.”

கலர்க்காரர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

“முப்பத்தெட்டு வருஷமா பார்க்கிறேன் டாக்டர். எந்தக் கம்பெனிக்காரன் கடைக்கு வந்தாலும் இதையேதான் சொல்லுவான். எங்களுதுதான் ஒரிஜினல் கலர், நீங்க இதுவரைக்கும் வாங்கினதெல்லாம் மஞ்சள்னு.”

வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் எழுந்து அவர் தோளில் கை வைத்தார். “வியாழக்கிழமை காலைல ஏழு மணிக்கு வந்துடுங்க. வலதையும் முடிச்சுட்டா ரெண்டும் ஒத்துப்போயிடும்.”

அதுதானே பயம் என்று நினைத்துக்கொண்டே அவர் வெளியே வந்தார்.

காத்திருப்புக் கூடத்தில் அவரைப் போலவே கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஏதோ ரகசியப் போலீஸ் படை மாதிரி. அவர் ஒருவர் விடாமல் விசாரித்தார். நீலமாகத் தெரிகிறதா?

“எனக்கு நீலமும் தெரியல, பச்சையும் தெரியல,” என்றாள் ஒரு அம்மாள். “வீட்டுத் தரைதான் தெரியுது. தினமும் கூட்டித் துடைச்சேன்னு நினைச்சேன். எந்தத் தரையைத் துடைச்சேனோ!”

பக்கத்தில் இருந்தவள் அதற்கு மேல் போனாள். “நான் எங்க வீட்டுக்காரரைப் பார்த்தேன். பத்து வருஷம் கழிச்சு. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாம்.”

ஓட்டுநர் ஒருவர் மட்டும் யோசித்துச் சொன்னார். “ஆமாங்க, எல்லாம் கொஞ்சம் குளிர்ச்சியாத்தான் தெரியுது. ஏசி போட்ட மாதிரி.”

இவர்களை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது என்று தெரிந்தது. தரையையும் புருஷனையும் பார்க்கிறவர்களுக்கு நிறத்தைப் பற்றி என்ன அக்கறை? அப்போதுதான் தூணோரம் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த பெண் அவரைக் கூப்பிட்டாள். நோயாளிகளிடம் அபிப்பிராயம் கேட்டுப் படிவம் நிரப்புவது அவள் வேலை. பெரும்பாலானவர்கள் அவளைப் பார்த்ததும் செருப்பைத் தேடுவார்கள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் அவளுக்கே ஆச்சரியம்.

“ஒவ்வொரு கேள்விக்கும் அஞ்சு மூஞ்சி இருக்கு சார். அழுவுறதுல ஆரம்பிச்சு சிரிக்கிறது வரைக்கும். எது உங்க மூஞ்சின்னு சொல்லுங்க, நான் டிக் போட்டுக்கிறேன்.”

சுத்தம்? சிரிக்கிற மூஞ்சி. நர்சுகள் பேசிய விதம்? சிரிக்கிற மூஞ்சி. காத்திருந்த நேரம்? நடு மூஞ்சி. மருந்துகளைப் பற்றி விளக்கிச் சொன்னார்களா?

“அவங்க சொன்னது இருக்கட்டும், நானே கண்டுபிடிச்சுட்டேன். ரெண்டு சொட்டு மருந்து குடுத்தாங்க. ஒண்ணு எரியுது. அது மருந்து. இன்னொண்ணு எரியல. அது சும்மா தண்ணி.”

அவள் பேனா நின்றது. “எரியாததை ஊத்துறதில்லையா?”

“நான் ஊத்த மாட்டேன். எங்க வீட்டு அம்மா விடாம ஊத்திடுவா.”

“அவங்களுக்கு ஒரு சிரிக்கிற மூஞ்சி போட்டுக்கிறேன்,” என்றாள். “அறுவை சிகிச்சையோட பலன்?”

அவர் படிவத்தை வாங்கி ஐந்து மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தார். “இதுல எம்மூஞ்சி இல்லையேம்மா.”

“உங்க மூஞ்சி எப்படி?”

“வலது பக்கம் சிரிக்கணும். இடது பக்கம் ஏமாந்து நிக்கணும்.”

அவள் ஒரு நொடி யோசித்துவிட்டு ஓரத்தில் ஆறாவதாக ஒரு வட்டம் போட்டு, பாதி உதட்டை மேலேயும் பாதியைக் கீழேயும் வளைத்தாள். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. முதல்முறையாக ஒருவர் தன்னை நம்புகிறார் என்று தோன்ற, நீல லென்ஸ் கதையை ஆதியோடு அந்தமாகச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டே வந்தாள்.

“ஒரு கண்ணு வெள்ளைங்குது, ஒரு கண்ணு நீலங்குது. நீங்க ஏன் சார் வலதை நம்புறீங்க?”

“அதுதானே சீனியர்.”

“எங்க வீட்டுலயும் ரெண்டு பசங்க சண்டைன்னா மூத்தவன் பேச்சைத்தான் கேட்பேன். பாதி நாள் பார்த்தா அவன்தான் புளுகியிருப்பான்.” படிவத்தின் அடியில் ஏதோ கட்டத்தைத் தேடினாள். “ஆதாரம்னு ஒரு கட்டம் இருக்கு சார். கண்ணு சொன்னதைத் தவிர வேற ஏதாவது இருக்கா, எழுதிக்க?”

“கலருக்குக் கண்ணைத் தவிர என்னம்மா ஆதாரம்? எத்தனை சொட்டு விட்டேன்னு முதலாளிக்காக நோட்டுல எழுதி வைப்பேன். அவ்வளவுதான். ஆனா அதை ஒருநாளும் திருப்பிப் பார்க்க மாட்டேன். நோட்டைப் பார்த்து ஊத்துறதுக்கு நான் எதுக்கு?”

அவள் அந்தக் கட்டத்தில் எழுதினாள். ஒலிபெருக்கி யாரோ ஒருவரின் எண்ணைக் கூப்பிட்டு அலுத்துப் போயிற்று. என்ன எழுதினாள் என்று அவர் எட்டிப் பார்த்தார். ‘நோட்டு இருக்கிறது. பார்க்கவில்லை’ என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி சொட்டு மருந்தோடு காத்திருந்தாள். நாற்காலியில் சாய வைத்து, எரிகிறதை ஊற்றினாள். ஐந்து நிமிஷம் கழித்து எரியாததை எடுத்தாள்.

“அது எதுக்கு? அதுல ஒண்ணும் இல்ல.”

“எரிஞ்சாத்தான் மருந்தா? அப்ப ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போனீங்க? வீட்டுலயே மிளகாயை அரைச்சு ஊத்தியிருப்பேனே. மேல பாருங்க.”

அவர் மேலே பார்த்தார். மருந்து வழிந்து, கூரை கலங்கி, மெல்லத் தெளிந்தது. கூரையும் சுவரும் சேர்கிற இடம் தெரிந்தது. அந்த ஹாலுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் அவரே கலந்து அடித்த பால்வெள்ளை. புதுக் கண்ணில் அது நல்ல நீலமாக, துவைத்த துணிக்கு நீலம் போட்டதில் கை தவறிய மாதிரி இருந்தது.

“இந்தச் சுவரு உனக்கு என்ன கலராத் தெரியுது?”

மூடியைத் திருகிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

“எதுக்குக் கேட்குறீங்க?”

“சும்மா சொல்லு.”

“நீலம்.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நீலமா? இதை ஏன் நீ இத்தனை நாள் சொல்லல?”

“சொன்னேனே! பெயிண்ட் அடிச்ச அன்னைக்கே சொன்னேன், என்னங்க ஹாலு நீலமா இருக்கேன்னு. மறுநாள் காலைல என்னை இழுத்துட்டுப் போய் இந்தக் கண்ணாடியை மாட்டி விட்டீங்க.” மூக்குக் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினாள்.

அவருக்கு நினைவு வந்தது. கண்ணாடிக் கடைக்காரர், “பவர் பெருசா ஒண்ணுமில்ல, வேணாம்னாலும் விட்டுடலாம்” என்று சொன்னதும், இவர்தான் கட்டாயப்படுத்தி வாங்கிக் கொடுத்ததும்கூட நினைவு வந்தது.

அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “கண்ணாடி மாட்டின பிறகு எப்படித் தெரிஞ்சுது?”

“இன்னும் நல்லா நீலமாத் தெரிஞ்சுது.”

“அப்ப மறுபடி சொல்லியிருக்கலாம்ல?”

“மறுபடி சொன்னா அடுத்து எங்க கூட்டிட்டுப் போவீங்களோன்னு பயமாயிருந்துச்சு. கலர்க்காரரு பொண்டாட்டிக்குக் கலரைப் பத்தி வாய் இருக்குமா என்ன? அதுவும் போக, வெயில் காலத்துக்கு நல்லாத்தான் இருக்கு. நான் பழகிட்டேன்.”

அவள் மருந்துகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் அங்கேயே இருந்தார். சுவரைப் பார்த்தார். சுவரும் அவரைப் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை கடை திறக்கும்போதே அவர் வாசலில் நின்றார். முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அண்ணே, ஸ்டூலுல உட்காராதீங்கன்னு சொன்னேன்ல?”

“உட்காரல. நின்னுட்டே பண்றேன். ரெண்டு டப்பா வெள்ளை எடு தம்பி, சின்ன டப்பா இல்ல, நாலு லிட்டர். நான் ரெண்டுலயும் பால்வெள்ளை கலக்கறேன். நீ பின்னாடி நின்னு நான் விடுற நீலச் சொட்டை மட்டும் எண்ணு. வாய் திறக்காதே. நான் எண்ண மாட்டேன்.”

எண்ணாமல் இருப்பது அவருக்குச் சுலபமாக இல்லை. கை எண்ணும். அதனால் மனசுக்குள் தன் தெருவில் இருக்கிற குழந்தைகளின் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே கலந்தார். முதலில் இடது கண். வலது கண்ணின் மேல் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார். சொட்டு, கலக்கல், தீற்று, மின்விசிறியின் கீழ் உலர்த்தல், வாசல். புதுக் கண்ணுக்கு வாசல் வெளிச்சம் கூச்சமாக இருந்தது. முதல் நாள் வேலைக்கு வந்தவன் மாதிரி அது முழித்தது. ஆனால் அட்டையைப் பிடித்துக் காத்திருந்தபோது, பழைய அமைதி, அந்தப் பழகிய செவிட்டுத்தனம், எங்கிருந்தோ வந்து அதன்மேலும் கவிந்தது. திரும்பி வந்தார். இன்னும் கொஞ்சம் விட்டார். மறுபடி வாசல். போதும் என்று அட்டையைக் கீழே வைத்தார்.

அடுத்து வலது. கைக்குட்டை இடம் மாறியது. இது பழகிய பாதை. குப்பி தானாகக் கவிழ்ந்தது, தானாக நிமிர்ந்தது. அவர் சிரமமே படவில்லை.

“சொல்லு தம்பி. இடது எத்தனை?”

“ரெண்டு.”

“வலது?”

“ஒன்பது.”

ரெண்டுக்கும் ஒன்பதுக்கும் இவ்வளவு தூரம் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. முதலாளி அதற்குள் இந்த வருஷ நோட்டை எடுத்துப் பிரித்துவிட்டார். விரல் பக்கத்தின்மேல் ஓடியது.

“இங்க பாருங்க அண்ணே. பால்வெள்ளை, ஒன்பது. பால்வெள்ளை, ஒன்பது. இந்த வருஷம் பூரா ஒன்பதுதான்.”

கலர்க்காரர் மேசையில் ஓங்கித் தட்டினார். “பார்த்தியா! அண்ணன் அண்ணன்தான். நான் அன்னைக்கே சொன்னேன், லென்ஸுல கோளாறுன்னு. அந்த டாக்டர் என்னமா சிரிச்சாரு!” ஆஸ்பத்திரிக்கு அப்போதே ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அந்தப் பெண்ணின் கட்டத்தில், பார்த்தாயிற்று என்று எழுதச் சொல்ல வேண்டும்.

முதலாளி பேசாமல் போன வருஷ நோட்டை எடுத்தார். புரட்டினார். புருவம் ஏறியது.

“போன வருஷம் எட்டு.”

“எட்டா?”

“அதுக்கு முந்தின வருஷம் ஏழு.” அலமாரியின் அடித்தட்டில் குனிந்து தூசியோடு நோட்டுக் கட்டு ஒன்றை இழுத்தார். “அஞ்சு வருஷத்துக்கு முன்ன நாலு. இதுல மூணு. இதுலயும் மூணு.” அடுத்ததற்கு அட்டையே இல்லை, முதல் பக்கம் பழுத்துப்போயிருந்தது. கலர்க்காரரின் கையெழுத்து அதில் இளமையாக, வால் நீட்டி நிமிர்ந்து நின்றது. “இது நீங்க சேர்ந்த புதுசு. அப்பா இருந்தப்ப. பால்வெள்ளை, நாலு லிட்டர். நீலம் ரெண்டு சொட்டு.” பக்கத்தைப் புரட்டினார். “ரெண்டு. ரெண்டு. ரெண்டு.”

அட்டைகள் இரண்டும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. கலர்க்காரர் நின்றபடியே அவற்றைப் பார்த்தார்.

ஏழு சொட்டு. ஒரே நாளில் ஏறியிருந்தால் பிடித்திருப்பார். வருஷத்துக்குக் கால் சொட்டு, அரைச் சொட்டு, கடைசியில் ஒரு சொட்டு என்று, கண்ணுக்குள் மஞ்சள் ஏற ஏற, கை அதைச் சரிக்கட்டிக்கொண்டே வந்திருக்கிறது. அவருக்குத் தெரியாமல், அவரிடம் கேட்காமல். யாரோ ஒருவன் பல வருஷமாகத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் சொல்லியிருக்கிறான். இன்னொருவன் அதற்கு ஒத்தாசை செய்திருக்கிறான். இரண்டு பேரும் அவரேதான். அவருக்குக் கோபம் வரும்போல் இருந்தது. ஆனால் யார்மேல் வர வேண்டும் என்று தெரியாமல் அது பாதியில் நின்றுவிட்டது.

பிறகு, மெதுவாக, வேறொன்று உறைத்தது. இடது கண்ணுக்கு வேலை தெரியாது. முப்பத்தெட்டு வருஷமும் மூடியே கிடந்த கண். அதற்குள் இருக்கிற லென்ஸுக்குப் பிறந்து பதின்மூன்று நாள். அது தட்டுத்தடுமாறி வாசலுக்கும் மேசைக்கும் நடந்து, அவருடைய இருபத்து நான்காவது வயதின் எண்ணிக்கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ரெண்டு. வித்தை வேலைக் கண்ணில் இருந்தால், இந்தத் தம்பிக் கண்ணுக்கு அது எப்படி வந்தது?

“தம்பி,” என்றார். “நான் இந்த ஊரையே நீலமாக்கி வெச்சிருக்கேன்.”

“அண்ணே…”

“எத்தனை வீடு! எத்தனை வருஷம்! வெள்ளைன்னு கேட்டவங்களுக்கெல்லாம் நீலத்தைக் குடுத்திருக்கேன். ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லணும்.”

முதலாளி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார், ஸ்டூலில்தான். “அப்படி ஏதாவது பண்ணி என் பொழப்பைக் கெடுத்துடாதீங்க. உங்களுக்குத் தெரியுமா, நாலு வருஷமா வர்றவங்க பால்வெள்ளைன்னா கேட்குறாங்க? கலர்க்காரரு வெள்ளைன்னு கேட்குறாங்க. வேற எங்கயும் இந்த மாதிரி வெள்ளை கிடைக்கலையாம்.”

“எப்படிக் கிடைக்கும்? அது வெள்ளையே இல்லையே!”

“அதை அவங்க கிட்டச் சொல்லாதீங்கன்னுதான் நான் சொல்றேன். போன மாசம் ஒரு அம்மா, ‘உங்க வெள்ளைக்குள்ள போய் உட்கார்ந்தா தலைவலி விடுதுங்க’ன்னு சொல்லிட்டு எட்டு டப்பா வாங்கிட்டுப் போனாங்க.”

“பெயிண்டுல தலைவலி விடுமா?”

“விட்டுச்சாமே. அவங்களே சொல்றாங்க, நாம யாரு இல்லைன்னு சொல்ல?”

கலர்க்காரர் சிரித்தார். முதலில் லேசாகத்தான் சிரித்தார். அப்புறம் அடக்க முடியவில்லை. சிரித்தால் கண்ணில் நீர் வரும், அறுவை செய்த கண்ணில் நீர் வரக் கூடாது என்று முதலாளி பதறியது வேறு இன்னும் சிரிப்பை மூட்டியது.

அன்று சாயங்காலம் அவர் நடந்தே வீட்டுக்குப் போனார். வழியில், டாக்டர் சொன்னதை மீறாமல், இடது கண்ணை உள்ளங்கையால் மெல்ல மறைத்து, வலது கண்ணால் மட்டும் பார்த்தார். தெரு தேனில் நனைத்த மாதிரி இருந்தது. ஓரமெல்லாம் கரைந்து, முகங்கள் எல்லாம் இளகி, போகிறவர்கள் எல்லோருமே நல்லவர்களாகத் தெரிந்தார்கள். இத்தனை வருஷம் அவர் குடியிருந்தது இந்த ஊரில்தான். நாளை மறுநாள் இதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். பொய் என்று தெரிந்த பிறகும் அதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு மரத்தடியில் நின்று வெளிச்சம் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை எடுத்துவிட்டு நடந்தார்.

வாசலில் நின்றிருந்த மனைவியிடம், “வியாழக்கிழமை காலைல ஆறரைக்கே கிளம்பணும்,” என்றார்.

“வலதையும் குடுக்கப் போறீங்களா?”

“ம்.”

“நீல லென்ஸு?”

“லென்ஸு சரியாத்தான் இருக்கு. நான்தான்…” என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “உன் கண்ணாடியைக் கழற்றிடலாம்னு நினைக்கிறேன்.”

“வேண்டாம்,” என்றாள். “இதுல நான் நல்லா இருக்கேன்னு நாலு பேர் சொல்லியிருக்காங்க.”

வியாழக்கிழமை காலை, பச்சைத் துணிகளுக்கு நடுவே வலது கண் மட்டும் திறந்திருக்க அவர் மேசையில் படுத்திருந்தார். மரத்துப்போக மருந்து விட்டிருந்தார்கள். அது எரிந்ததா என்று கவனிக்க மறந்துபோனார். இடது கண்ணுக்குச் செய்தபோது பயத்தில் அவருக்கு எதுவுமே தெரியவில்லை. உடம்பு முழுக்கக் கட்டையாக விறைத்துப்போய், எப்போது முடியும் என்பது மட்டும்தான் இருந்தது.

“அசையாம இருங்க ஐயா. வலிச்சா மட்டும் வாயால சொல்லுங்க, கையை ஆட்டாதீங்க,” என்றது டாக்டரின் குரல்.

விளக்கு மேலே வந்தது. முதலில் ஒரே மஞ்சள், தடித்த, பழுப்பேறிய மஞ்சள். அது கண்ணுக்கு வெளியே இல்லை, உள்ளேதான் இருக்கிறது என்பதை இப்போது தெரிந்துகொண்டு பார்த்தார். எங்கோ ஒரு இயந்திரம் மெல்ல இரைந்தது. மஞ்சளில் ஒரு கீறல் விழுந்தது. கீறல் வழியே வெளிச்சம் கசிந்து, கசிந்த இடத்தில் ஒரு பச்சை பிறந்தது, பெயர் தெரியாத பச்சை. அது உருகி நீலமாகி, நீலத்துக்குள் ரோஜா நிறம் ஒரு புகை மாதிரி நுழைந்து சுழன்றது. மஞ்சள் துண்டு துண்டாக உடைந்து, மிதந்து, ஓரமாக ஒதுங்கி ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. பின்னால் இருந்து, ஆழத்திலிருந்து, தண்ணீருக்கு அடியில் விடிவது மாதிரி ஒரு வெண்மை மேலே வரத் தொடங்கியது.

அவரை அறியாமல் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது.

“என்ன ஐயா? வலிக்குதா?” டாக்டரின் கை நின்றது.

“இல்ல டாக்டர்,” என்றார் அவர், உதடு மட்டும் அசைய. “நல்லா இருக்கு. கொஞ்சம் மெதுவாவே பண்ணுங்க.”